கீர்த்திக்குச் சாட்சி யார்?

கரூருக்கு வடமேற்கே, காவிரியை ஒட்டினாற்போல், வேலாயுதம்பாளையத்தில் ஒரு சிறு குன்று இருக்கிறது. ஆறுநாட்டார் மலை என்று அதற்குப் பெயர். பக்கத்து ஊருக்குப் புகழூர் என்று பெயர் அமைந்திருப்பது, இந்தக் கட்டுரையின் விஷயத்தை நினைத்துப் பார்த்தால், விதியின் சிறு விளையாட்டு என்றுதான் சொல்ல வேண்டும். குன்றின் மேல் முருகன் கோயில். பாறைக் குகைகளில், சமண முனிவர்கள் படுத்து ஓய்வெடுப்பதற்காகச் செதுக்கிய கற்படுக்கைகள். அவற்றை ஒட்டித் தமிழ்ப் பிராமி எழுத்தில் சில கல்வெட்டுக்கள்.

அவற்றில் ஒன்று சேர அரச குடும்பத்தினுடையது. பாட்டன், மகன், பேரன் என்று மூன்று தலைமுறைப் பெயர்கள் அதில் வருகின்றன. பேரனுக்கு இளவரசுப் பட்டம் ஆனபோது ஒரு முதிய சமணத் துறவிக்கு அமைத்துக் கொடுத்த இடம் என்று அது சொல்கிறது. இன்னொரு கல்வெட்டு ஒரு வியாபாரியினுடையது. கருவூரைச் சேர்ந்த பொன் வாணிகன்; நத்தி என்பது பெயர். ஊர், தொழில், பெயர், செய்து கொடுத்த இருக்கை என்று நான்கே செய்திகள். “வணிகர் குல திலகம்” என்றோ, “ஏழைகளின் இதய தெய்வம்” என்றோ ஓர் அட்சரம் கூடக் கிடையாது. ஆனாலும், சுமார் 1,700 ஆண்டுகள் கழிந்த பிறகு, கொங்கு நாட்டு வாணிபத்தைப் பற்றி யார் புத்தகம் எழுதினாலும் அந்தப் பொன் வாணிகனை விட்டுவிட்டு எழுத முடியவில்லை. நத்தி தன்னைப் பற்றித் தானே வெட்டச் சொன்ன வரிதான் அது, சந்தேகம் இல்லை. ஆனால் அவன் சொன்னது கொஞ்சம். சொன்ன பொருள் அங்கேயே, கல்லில், நம் கண்ணுக்கு எதிரே கிடக்கிறது. அவனை நம்புவதற்கு நமக்கு வேறு சிபாரிசு வேண்டியதில்லை.

இந்தப் பொன் வாணிகனை நான் இப்போது நினைக்கக் காரணமானவர் கோயமுத்தூரில் உள்ள என் நண்பர் ஒருவர். பகலெல்லாம் ஓர் ஆபீசில் கணக்குப் பார்க்கிறார். இரவில், சம்பளம் ஏதும் இல்லாமல், இணையக் கலைக்களஞ்சியத்துக்குத் தொண்டு செய்கிறார். விக்கிப்பீடியா என்று உலகம் முழுவதும் வழங்குகிறதே, அதுதான். ஆங்கிலத்தில் 2001ஆம் ஆண்டிலும் தமிழில் 2003ஆம் ஆண்டிலும் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம். யார் வேண்டுமானாலும் திருத்தலாம். இப்படிக் கதவைத் திறந்து வைத்த வீட்டில் என்னென்ன நுழையும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். குப்பையைக் கூட்டுகிறவர்களில் என் நண்பர் ஒருவர்.

அவர் ஒரு விவகாரத்தைக் கொண்டுவந்தார். எங்கள் பக்கத்துத் தொழிலதிபர் ஒருவரைப் பற்றி அந்தக் களஞ்சியத்தில் ஒரு கட்டுரை முளைத்திருக்கிறது. பெயர் வேண்டாம்; ஊருக்கு ஒருவர் இப்படி இருக்கத்தான் இருக்கிறார். கட்டுரையில் பிறப்பு, வளர்ப்பு, பட்டபாடு, பெற்ற விருதுகள், மேற்கொண்ட வெளிநாட்டுப் பயணங்கள், மாலை போட்ட மந்திரிகள் எல்லாம் வரிசையாக இருந்தன. அத்தாட்சிக்கு இருபதுக்குக் குறையாத பத்திரிகைக் குறிப்புகள். “இதை வைப்பதா, எடுப்பதா? நீங்கள் சரித்திரக் கதை எழுதுகிறவர். செத்துப்போன ராஜாக்களையே நிறுத்துப் பார்த்திருக்கிறீர்கள். உயிரோடு இருக்கிற ஒருவரை நிறுத்துச் சொல்லக்கூடாதா?” என்பது அவர் கேள்வி.

“அந்தக் குறிப்புகளை யார் எழுதியது?” என்று கேட்டேன்.

நண்பர் சிரித்துவிட்டார். “அங்கேதானுங்க ஐயா சிக்கல். இருபதும் ஒரே மாதிரி இருக்குது. கமா கூட மாறலை. அவரு ஆபீசுல இருந்து அனுப்பிச்சதை அப்படியே போட்டிருக்காங்க. விருது குடுத்த சங்கத்தைத் தேடிப் பார்த்தா, அதுக்கும் அவருதான் புரவலர்.”

“அப்படியானால் விஷயம் தீர்ந்ததே!”

“தீரலீங்க. அந்த மனுஷர் நிஜமாவே பல குடும்பத்துக்கு வேலை குடுத்திருக்காரு. வாய் திறக்காம இருந்தா யாரு கண்டுக்கறாங்க? தன்னைப் பத்தித் தானே சொல்லிக்கிட்டாத் தப்புங்களா? ராஜாக்கள் சொல்லிக்கலையா? நம்ம ஜி. டி. நாயுடு பண்ணாத விளம்பரமுங்களா?”

இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதை லேசாகத் தட்டிவிடக் கூடாது. ஆகையால் நண்பர் எழுப்பிய வரிசையிலேயே, முதலில் ராஜாக்களையும், பிறகு வணிகர்களையும், கடைசியில் நாயுடு அவர்களையும் எடுத்துக்கொள்கிறேன்.

ராஜாக்கள் சொல்லிக்கொண்டார்கள், வாய் வலிக்கச் சொல்லிக்கொண்டார்கள். கல்வெட்டின் தலைப்பில் அரசனுடைய வெற்றிகளை அடுக்கிச் சொல்லும் மெய்க்கீர்த்தி என்ற ஏற்பாட்டைச் சோழ நாட்டில் நிலைப்படுத்தியவன் முதல் இராஜராஜன். அவன் காலத்துக்குப் பிறகு, கோயிலுக்கு ஒரு விளக்கு வைத்தாலும், நாலு ஆட்டைத் தானம் கொடுத்தாலும், முதலில் மன்னனின் புகழ் வரவேண்டும். இன்றைய பாஷையில் சொன்னால், எல்லாச் செய்தியோடும் தன் விளம்பரத்தை ஒட்டி அனுப்பினான். மெய்க்கீர்த்தி என்ற பெயரில் “மெய்” என்ற சொல் இருக்கிறதே என்று நம்பிவிடலாமா? சரித்திரம் எழுதியவர்கள் நம்பவில்லை. பொய் என்று ஒதுக்கவும் இல்லை. எதிர்க்கட்சிக்காரன் என்ன சொல்கிறான் என்று பார்த்தார்கள்.

உதாரணமாக, முதல் இராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி, ஈழத்து அரசனின் முடியையும், அவன் தேவியரின் முடியையும், பாண்டியன் முன்பு அங்கே அடைக்கலமாக வைத்திருந்த முடியையும் கவர்ந்து வந்ததாகப் பேசுகிறது. சோழனே சொன்னதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டியிருந்தால், நான் பாதியைத் தள்ளுபடி செய்திருப்பேன். ஆனால் இலங்கையில் பௌத்த பிக்ஷுக்கள் பாலி மொழியில் எழுதி வைத்த சூளவம்சம் என்ற நூல் இருக்கிறது. ஐந்தாம் மகிந்தன் என்ற அரசனைச் சோழர்கள் பிடித்துக்கொண்டு போனதையும், பொக்கிஷங்களை வாரிச் சென்றதையும், விகாரங்களைக் கொள்ளையிட்டதையும் அது வயிறெரிந்து சொல்கிறது. சோழனுக்குப் புகழ் சேர்க்க வேண்டுமென்று அந்தப் பிக்ஷுக்களுக்கு என்ன தலையெழுத்து? வென்றவன் மார்தட்டிக்கொண்டதும் தோற்றவன் மார்பில் அடித்துக்கொண்டதும் ஒரே இடத்தில் வந்து பொருந்துகின்றன. பொருந்திய அளவு சரித்திரம். மிச்சம் அலங்காரம்.

இதுதான் முதல் பாடம். தற்புகழ்ச்சியால் ஒருவனுக்குச் சரித்திரத்தில் இடம் மறுக்கப்படுவதில்லை. ஆனால் அந்த இடத்தை வாங்கிக் கொடுக்கத் தற்புகழ்ச்சியால் முடியாது. அதற்கு, புகழ்வதால் ஒரு லாபமும் இல்லாதவனின் சாட்சி வேண்டும்.

அடுத்தது வணிகர்கள். இவர்களும் ராஜாக்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர் என்று ஒரு பெரிய வணிகர் கூட்டம் தென்னாடு முழுவதும் பரவியிருந்தது. கன்னட நாட்டு ஐஹொளெயைத் தங்கள் தாய்வீடாகச் சொல்லிக்கொண்டவர்கள் அவர்கள். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து கீழ்நாட்டுக்குப் போகும் பெருவழி கொங்கு நாட்டின் ஊடே சென்றதால், இங்கேயும் அவர்கள் பெயர் சொல்லும் கல்வெட்டுக்கள் உண்டு. அவர்களுக்கென்று தனியாக ஒரு மெய்க்கீர்த்தியே இருந்தது. வீரத்துக்கும் தர்மத்துக்கும் தாங்களே காவல் என்பார்கள். பதினெட்டுப் பட்டினத்தையும் முப்பத்திரண்டு வேளாபுரத்தையும் அறுபத்து நான்கு கடிகைத் தாவளத்தையும் தங்களுடையவை என்று அடுக்குவார்கள். 11ஆம் நூற்றாண்டுக் கன்னடக் கல்வெட்டு ஒன்றில், தாங்கள் போகாத தேசமும் இல்லை, விற்காத சரக்கும் இல்லை என்கிற தோரணையில் யானை, குதிரை, நீலமணி, முத்து, ஏலம், கிராம்பு, சந்தனம், கற்பூரம் என்று பட்டியல் நீள்கிறது. படித்தால் மூச்சு வாங்கும். தற்காலத்து விளம்பர அதிகாரிகள் இவர்களிடம் வந்து பாடம் கேட்கலாம்.

இதை எப்படிச் சோதிப்பது? இங்கே தோற்ற ராஜாவும் இல்லை, அழுத பிக்ஷுவும் இல்லை. ஆனால் 1873ஆம் ஆண்டு, சுமத்திரா தீவின் மேற்குக் கரையில், பாருஸ் துறைமுகத்தின் அருகே லோபு துவா என்ற இடத்தில் உடைந்த கல் ஒன்று கிடைத்தது. அதில் இருந்தது தமிழ் எழுத்து. கி. பி. 1088ஆம் ஆண்டில் இந்த ஐந்நூற்றுவர் அங்கே கூடி, வந்து இறங்கும் கப்பல்காரர்கள் கட்டவேண்டிய கட்டணத்தைப் பற்றிச் செய்துகொண்ட ஏற்பாட்டை அது சொல்கிறது. அந்தக் கல்லையும் அவர்களேதான் வெட்டினார்கள். ஆனால் அது நம்மைப் பார்த்துப் பெருமை பேசுவதற்காக வெட்டியது அல்ல. வசூல் கணக்குக்காக வெட்டியது. கற்பூரத்துக்குப் பேர்போன துறைமுகத்தில் அது கிடந்தது. “கடல் கடந்தோம், கற்பூரம் விற்றோம்” என்று ஊரில் அடித்த தம்பட்டத்துக்கு, கடலுக்கு அப்பால் கிடந்த கட்டணச் சீட்டு சாட்சியாகிவிட்டது.

இதிலிருந்து இரண்டாவது பாடம். ஒருவன் மேடையில் சொன்னதைவிட, வேலை நடந்த இடத்தில் வேலையின் பொருட்டு எழுதி வைத்தது கனமானது. கணக்குப் புத்தகம், ரசீது, நிலப் பத்திரம், கோர்ட்டுத் தீர்ப்பு ஆகியவற்றுக்கு முகஸ்துதி தெரியாது. இவற்றைத் தேடிப் படித்து அலசி எழுதுகிற மூன்றாவது மனிதர் ஒருவர் வேண்டும். பாருஸ் கல்லைத் தமிழறிந்த அறிஞர்கள் படித்து எழுதியிராவிட்டால், அது இன்னும் கல்லாகத்தான் கிடந்திருக்கும்.

இனி, களஞ்சியம் செய்தவர்களின் கதைக்கு வருவோம். தமிழில் இந்தப் பெரும் பணியை ஒற்றை ஆளாகத் தோளில் சுமந்தவர் ஆ. சிங்காரவேலு முதலியார். அவருடைய அபிதான சிந்தாமணி 1910ஆம் ஆண்டு மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வாயிலாக வெளிவந்தது. அதில் பெரும்பாலும் முனிவர்கள், தேவர்கள், அரசர்கள், புலவர்கள். என்னைச் சேர், உன்னைத் தள்ளு என்று அகஸ்தியர் ஆள் விட்டுச் சொல்லப்போவதில்லை. அந்த வகையில் முதலியார் பாக்கியசாலி.

அடுத்து வந்த பெரிய முயற்சிக்கு வித்திட்டவர் நம் கொங்கு நாட்டவர். திருப்பூரைச் சேர்ந்த தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் சென்னை மாகாணத்தின் கல்வி மந்திரியாக இருந்தபோது, 1946ஆம் ஆண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் பிறந்தது. அது வெளியிட்ட கலைக்களஞ்சியத்துக்குத் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்தவர் பெரியசாமித் தூரன். மொடக்குறிச்சிக்குப் பக்கத்தில் மஞ்சக்காட்டுவலசு என்ற சிற்றூரில் 1908ஆம் ஆண்டு பிறந்து, கோயமுத்தூர் ராமகிருஷ்ண வித்தியாலயத்தில் ஆசிரியராக இருந்தவர். முதல் தொகுதி 1954ஆம் ஆண்டும் பத்தாம் தொகுதி 1968ஆம் ஆண்டும் வந்தன. அகரத்திலிருந்து ஆரம்பித்து உலகத்து அறிவையெல்லாம் பத்துத் தொகுதிக்குள் அடக்க வேண்டும் என்றால், ஒவ்வொரு பக்கத்துக்கும் போட்டி. சூரியனுக்கும் சோளத்துக்கும் இடம் வேண்டும், ஷேக்ஸ்பியருக்கும் வேண்டும். காகிதமே ஒரு வாயிற்காவலனாக நின்று பாதிப் பேரைத் திருப்பி அனுப்பிவிடும்.

இணையத்தில் காகிதம் இல்லை. பக்கத்துக்குப் பஞ்சம் இல்லை. ஆகவே வாயிற்காவலனின் வேலையை மனிதர்களின் விவேகம் செய்யவேண்டியதாயிற்று. அதற்கு அவர்கள் ஒரு விதி வைத்தார்கள். தமிழில் அதைக் “குறிப்பிடத்தக்கமை” என்கிறார்கள். ஒருவரைப் பற்றி, அவரோடு சம்பந்தமில்லாத, நம்பத்தகுந்த இடங்களில், பெயரை மட்டும் போட்டுவிட்டுப் போகாமல் விரிவாக யாராவது எழுதியிருக்க வேண்டும் என்பதுதான் சாரம். பணக்காரரா, நல்லவரா, உழைப்பாளியா என்று அது கேட்பதில்லை. சந்தேகம் வந்தால் பொதுவில் விவாதிக்கிறார்கள். கைகளை எண்ணி முடிவு செய்வதில்லை. காரணங்களை நிறுத்து முடிவு செய்கிறார்கள். கூலி வாங்கிக்கொண்டு எழுதுகிறவர் அதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும் என்று 2014ஆம் ஆண்டு முதல் நிபந்தனையும் இருக்கிறது.

நிபந்தனை இருந்தால் மீறுகிறவனும் இருப்பான் அல்லவா? 2015ஆம் ஆண்டு ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு மோசடி அகப்பட்டது. சிறு வியாபாரிகளும் கலைஞர்களும் தங்களைப் பற்றி எழுதி அனுப்பித் தள்ளுபடியான கட்டுரைகளை ஒரு கும்பல் நோட்டம் பார்த்தது. “பணம் கொடு, உன் கட்டுரையை ஏற்றுகிறோம்” என்றது. ஏற்றிய பின், “மாதம் இவ்வளவு கொடு, அதை அழியாமல் காக்கிறோம்” என்றது. ஒரே கும்பல் பல வேஷம் போட்டு ஆடிய 381 கணக்குகளை முடக்கினார்கள். 210 கட்டுரைகளை அழித்தார்கள். கீர்த்தி ஆசை எவ்வளவு பலவீனமான இடம் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா? திருடன் கூட அங்கேதான் கன்னம் வைக்கிறான்.

இப்போது நண்பரின் பெரிய அஸ்திரத்துக்கு வருகிறேன். ஜி. டி. நாயுடு!

கோபாலசாமி துரைசாமி நாயுடு 1893ஆம் ஆண்டு கோயமுத்தூருக்குக் கிழக்கே கலங்கல் கிராமத்தில் பிறந்தார். 1974ஆம் ஆண்டு ஜனவரியில் காலமானார். ஜனங்களின் கண்ணைத் தம் பக்கம் இழுப்பதில் அவருக்கு ஈடு சொல்ல முடியாது. வரிக் கொள்கையைக் கண்டிக்க வேண்டுமென்றால் மற்றவர்கள் மகஜர் கொடுப்பார்கள். அவர் 1950களில், தம் பொருள்களையே பொதுமக்கள் முன்னால் உடைத்துக் காட்டினார். அவரைப் பற்றிய கதைகளுக்கோ கணக்கு இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிய கதை, வெள்ளைக்காரரின் மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கிப் பிரித்துப் பூட்டிய கதை, ஹிட்லரைப் படம் பிடித்த கதை, ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த பருத்திச் செடியின் கதை. கொங்கு நாட்டுப் பிள்ளைகள் இவற்றைப் பாலோடு சேர்த்துக் குடித்து வளர்ந்தவர்கள். நானும் அப்படித்தான். ஆனால் ஒரே வாயிலிருந்து புறப்பட்டு ஆயிரம் வாய்க்குப் போன கதைக்கு ஆயிரம் சாட்சி இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. சாட்சி ஒன்றுதான், எதிரொலி ஆயிரம்.

ஆகவே ஒரு பரீட்சை செய்து பார்ப்போம். நாயுடு தம்மைப் பற்றிச் சொன்னவை, அவருடைய அபிமானிகள் சொன்னவை எல்லாவற்றையும் முறத்தில் போட்டுப் புடைத்துவிடுவோம். கல்லாகத் தங்குவது என்ன?

1920ஆம் ஆண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை விட்டு ஆரம்பித்தவர், பின்னால் பெரிய பஸ் கம்பெனிக்குச் சொந்தக்காரரானார். அந்த பஸ்ஸில் டிக்கெட் வாங்கி ஏறியவர்கள் சாட்சி. பிறகு பைக்காரா நீர்மின்சாரம் வந்தது. 1930களின் தொடக்கத்தில் கோயமுத்தூர் ஆலைகளுக்கும் கிராமங்களுக்கும் பரவியது. கொங்கு நாடு வானம் பார்த்த பூமி. ஆழக் கிணறு வெட்டி, எருதுகளைப் பூட்டி, சால் கட்டிக் கவலை இறைத்தால்தான் நிலம் நனையும். மின்சாரம் வந்ததும், கிணற்றடியில் எருதின் இடத்தில் மோட்டார் நிற்க முடியும் என்ற நிலை பிறந்தது. 1937ஆம் ஆண்டு பீளமேட்டில் நாயுடுவின் தொழிற்சாலையிலிருந்து இந்தியாவிலேயே செய்த மின்மோட்டார் வெளிவந்தது. அந்த வேலையில் கூட நின்ற டி. பாலசுந்தரம் நாயுடு பிற்பாடு டெக்ஸ்டூல் என்ற தொழிற்சாலையை நிறுவினார். ஒருவரின் பட்டறையிலிருந்து இன்னொருவரின் பட்டறை கிளைத்தது. கோயமுத்தூரை மோட்டாருக்கும் பம்புக்கும் பேர்போன ஊராக ஆக்கிய வழித்தடத்தில் முதல் மைல்கற்களில் ஒன்று இது. கிணற்றடியில் தண்ணீர் வந்ததா, இல்லையா என்பதில் விளம்பரம் செல்லாது; குடியானவன் ஏமாறமாட்டான்.

மேலும், 1945ஆம் ஆண்டு அவருடைய முயற்சியால் கோயமுத்தூரில் ஒரு தொழில்நுட்பக் கல்விக்கூடம் தோன்றியது. அதற்கு அவர் தம் பெயரை வைக்கவில்லை. அப்போதைய கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரை வைத்தார்கள். அது வளர்ந்து அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி ஆயிற்று. பொறியியல் படிக்க நான்கு வருஷம் வீண், இரண்டு போதும் என்று அவர் வாதாடினார், சர்க்கார் இணங்கவில்லை, விலகிக்கொண்டார். மாகாணச் சட்டசபைத் தேர்தலில் நின்று தோற்றார். இரண்டாயிரம் ரூபாயில் சிறு கார் என்ற அவருடைய யோசனைக்குச் சர்க்காரின் உத்தரவு கிடைக்கவில்லை.

வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் கடைசிச் செய்திகள் தோல்விகள். எந்த விளம்பரத் துண்டுப் பிரசுரத்திலும் எஜமானரின் தேர்தல் தோல்வி இடம்பெறாது. ஒருவரின் வாழ்க்கையில் மூன்றாவது மனிதர்கள் அக்கறை எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு நிச்சயமான அடையாளம், அவருடைய தோல்விகளும் எழுதப்பட்டிருப்பதுதான். நாயுடு அவர்களின் வேடிக்கைகள் எல்லாவற்றையும் புடைத்துத் தள்ளிய பிறகும், ஒரு பஸ் கம்பெனியும், ஒரு மோட்டாரும், ஒரு கல்லூரியும், நாலைந்து நல்ல தோல்விகளும் மிஞ்சுகின்றன. அவர் களஞ்சியத்துக்குள் வருவது அவருடைய விளம்பரத்தால் அல்ல. விளம்பரத்தையும் மீறி வருகிறார்.

இதற்கு நேர்மாறான ஒருவரும் அதே ஊரில் இருந்தார். சாமிக்கண்ணு வின்சென்ட். ரயில்வேயில் சாதாரண உத்தியோகம். 1905ஆம் ஆண்டு திருச்சியில், தூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து சலனப் படக் கருவியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி, வேலையை விட்டுவிட்டு, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். 1914ஆம் ஆண்டு கோயமுத்தூரில் வெரைட்டி ஹால் என்ற கொட்டகையைக் கட்டினார். 1942ஆம் ஆண்டு காலமானார். ஊரார் ஒரு சாலைக்கு வெரைட்டி ஹால் ரோடு என்று கொட்டகையின் பெயரை வைத்தார்கள். கட்டியவரின் பெயரை மெல்ல மறந்தார்கள். மற்றவர்களின் நிழலைத் திரையில் காட்டியவருக்குத் தம் நிழலைக் காட்டத் தோன்றவில்லை போலும். பல ஆண்டுகள் கழித்து, சு. தியடோர் பாஸ்கரன் போன்ற திரைப்பட வரலாற்று ஆசிரியர்கள் பழைய ஆதாரங்களைத் தேடி எழுதிய பின்னரே, தென்னிந்திய சினிமாவின் கதையில் அவருக்கு உரிய நாற்காலி கிடைத்தது. பாஸ்கரனுக்கு வின்சென்ட் கூலி கொடுக்கவில்லை. கொடுக்க அவர் உயிரோடும் இல்லை.

“எல்லாம் சரி, ஒரு பக்கம் கூடுதலாக இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?” என்று சிலர் கேட்கலாம். நஷ்டம் உண்டு, ரூபாய்க் கணக்கிலேயே உண்டு. கொங்கு நாட்டு வாசகர்களுக்கு 2012ஆம் ஆண்டை நினைவூட்ட வேண்டியதில்லை. பெருந்துறைப் பக்கத்தில் ஈமு கோழிப் பண்ணைகள் என்று கிளம்பினார்கள். பணம் கட்டினால் குஞ்சு தருகிறோம், தீனி தருகிறோம், மாதா மாதம் தொகையும் தருகிறோம் என்றார்கள். தொலைக்காட்சியில் சினிமா நடிகர்கள் வந்து சொன்னார்கள். ஆயிரக்கணக்கான பேர், காட்டை அடமானம் வைத்தும் நகையை விற்றும் பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். கடைசியில் நடத்தியவர்கள் கைவிட, பட்டினி கிடந்த பறவைகளுக்குத் தீனி போட அரசாங்கம் வரவேண்டியிருந்தது. ஏமாந்தவர்கள் முட்டாள்கள் அல்ல. கிணற்று மோட்டாரைத் தட்டிப் பார்த்து வாங்கத் தெரிந்த சம்சாரிகள். மோட்டாரைத் தட்டிப் பார்க்கலாம். கீர்த்தியை எப்படித் தட்டிப் பார்ப்பது? “பெரிய மனிதர், பேப்பரில் வந்திருக்கிறது” என்ற ஒரு சொல்லுக்கு அவர்கள் மயங்கினார்கள்.

இன்று பணம் போடப் போகிறவன், பெண் கொடுக்கப் போகிறவன், வேலைக்குப் போகிறவன் எல்லோரும் முதலில் இணையத்தில்தான் பெயரைத் தேடுகிறார்கள். அங்கே களஞ்சியத்தில் ஒரு பக்கம் இருந்தால் அது நற்சாட்சிப் பத்திரம் போல் ஆகிவிடுகிறது. நாளைக்குப் பள்ளிப் பிள்ளை அதைப் பார்த்துக் காப்பி எழுதும். பத்திரிகைக்காரர் அதைப் பார்த்துச் செய்தி எழுதுவார். அந்தச் செய்தியையே பிறகு களஞ்சியத்துக்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். பாம்பு தன் வாலைத் தானே விழுங்குவது போல, பொய் தனக்குத் தானே சாட்சியாகிவிடும். நண்பர் சொன்ன தொழிலதிபர் மோசக்காரர் என்று நான் சொல்லவில்லை. அப்படி நினைக்கக் காரணமும் இல்லை. நாணயமானவருக்காகத் திறந்துவிட்ட சந்து வழியாகத்தான் மற்றவனும் வருவான் என்கிறேன்.

ஆகவே நண்பருக்கு என் அபிப்பிராயத்தை இப்படி எழுதி அனுப்பினேன்: “இருபது குறிப்புகளையும் ஒன்றாக எண்ணுங்கள்; ஏனெனில் அவை ஒன்றுதான். புரவலராக இருந்து வாங்கிய விருதை எண்ணவே வேண்டாம். அவர் ஆபீசோடு சம்பந்தமில்லாத யாராவது அவருடைய தொழிலைப் பற்றி ஆராய்ந்து நாலு பக்கம் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஒரு வாரம் மெனக்கெட்டுத் தேடுங்கள். அவர் கேட்டதற்காக வேண்டாம், அவரிடம் வேலை செய்கிற குடும்பங்களுக்காகத் தேடுங்கள். அவர்கள் உழைப்பும் அந்தக் கதையில் இருக்கிறதல்லவா? இரண்டு மூன்று நல்ல சாட்சிகள் கிடைத்தால், கட்டுரையை வையுங்கள். ஆனால் மாலைகளையும் மந்திரிகளையும் வெட்டிவிட்டு, கிடைத்ததை மட்டும் புதிதாக எழுதி வையுங்கள். கிடைக்காவிட்டால் எடுத்துவிடுங்கள். எடுப்பது அவமானம் அல்ல என்று அவருக்கு மரியாதையாகச் சொல்லுங்கள். களஞ்சியம் சன்மானம் அல்ல, சாட்சிகளின் சுருக்கம். சாட்சி இன்னும் வரவில்லை என்றுதான் அர்த்தம்.”

நண்பர் ஒரு வாரம் தேடினார். ஒரு சாட்சியும் அகப்படவில்லை. கட்டுரையை எடுத்துவிட்டார்கள். தேடப் போன இடத்தில், பழைய தொழிற்சங்க அறிக்கைகளும், ஆலைகளைப் பற்றி யாரோ பொறுமையாக ஆராய்ந்து எழுதிய புத்தகங்களும் அவர் கையில் சிக்கின. அவற்றில், எந்த விளம்பரமும் செய்துகொள்ளாத மூன்று நான்கு பேரைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறதாம். களஞ்சியத்தில் அவர்களுக்கு இன்னும் ஒரு வரி கூட இல்லை. நண்பர் இப்போது இரவில் அவர்களைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறார்.